சாறு தெளியும் வரை

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் இறங்குகிறவர்கள் இரண்டு வகை. மலையிலேயே பிறந்தவர்கள் ஒன்று. கீழேயே வயிற்றைக் காயப்போட்டு ஏறிய புத்திசாலிகள் இன்னொன்று. நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. வளப்பூர் நாட்டில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு நர்ஸாகப் போட்டு உத்தரவு வந்திருந்தது. பல ஊர்கள் சேர்ந்ததை அந்த மலையில் ஒரு நாடு என்பார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று அடிவாரத்தில், காரவள்ளியில், மூன்று இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். பாதி மலை ஏறுவதற்குள் அத்தனையும் ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

இறங்கிய இடத்தில் ரோட்டோரமாக ஒரு கல் கிடந்தது. அதில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் இரண்டு டம்ளரோடு வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கும். ஒரு டம்ளரில் ஏதோ வெள்ளையாய்க் கலங்கிக் கிடந்தது. நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டம்ளரைக் கல்லின்மேல் ஆடாமல் வைத்தாள்.

“இருங்க கண்ணு, தெளியட்டும்.”

“என்னங்க அது?”

“இஞ்சிச் சாறுங்க. இப்பத்தான் புழிஞ்சேன். மண்டியோட குடிச்சா வயிறு எரியும்.”

எனக்கு வந்த கோபத்தில் வயிறு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. குமட்டுகிறது, கண்ணெதிரே மருந்து இருக்கிறது, குடிக்கக் கூடாதாம். கால் மணி நேரம் இரண்டு பேரும் ஒரு டம்ளரைப் பார்த்தபடி ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் என் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, வீட்டுக்காரர் ஏன் கூட வரவில்லை என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டாள். பிறகு மேலே தெளிந்ததை மட்டும் அடுத்த டம்ளரில் சாய்த்து, அதில் ஏற்கெனவே விட்டிருந்த தேனோடு ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தாள். தொண்டையில் காரமாக இறங்கி நெஞ்சு முழுக்கச் சூடு பரவியது. ஐந்து நிமிடத்தில் எழுந்து நின்றேன். எனக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் ஒதுக்குப்புறமாக இருந்ததால் அந்த வாரமே அவள் வீட்டை ஒட்டிய அறையில் குடியேறினேன். அவள் வாசலும் என் வாசலும் ஒன்றுதான்.

நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை வேலை இருக்கும்போது நர்சம்மா என்பாள், மற்ற நேரத்தில் கண்ணு என்பாள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேண்டிய மட்டும் அடிபட்டுவிட்டது. அதில் எனக்குப் பங்கு உண்டு.

வீட்டுக்குப் பின்னால் வாழைக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் நாலு பாத்தி இஞ்சி போட்டிருந்தாள். வேண்டும்போது மண்ணைக் கிளறி ஒரு கிழங்கை ஒடித்து வருவாள். கழுவி, ஸ்பூன் காம்பால் தோலைச் சுரண்டி, பொடிப்பொடியாக நறுக்கி, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்ஸியில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அரைப்பாள். அம்மியில் அரைத்தால்தான் ருசி என்று நான் ஒருமுறை பெரிய மனுஷி மாதிரிச் சொல்லப் போக, “அப்ப நீங்களே அரச்சுக் குடுங்க” என்று குழவியைக் காட்டினாள். அதோடு அந்தப் பேச்சை விட்டேன். அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் கொட்டி, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவாள். இதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அதற்கு மேல்தான் அக்காவின் வேலை ஆரம்பிக்கும். அதாவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது.

டம்ளரை ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு யாரையும் கிட்ட விடமாட்டாள். பால் போலக் கலங்கியிருக்கும் சாறு மெல்ல மேலிருந்து பொன் நிறமாகிக்கொண்டே வரும். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மண்டி படியும். அந்த மண்டி நஞ்சு என்பது அவள் கட்சி. அது வெறும் மாவு, ஒன்றும் செய்யாது என்பது என் கட்சி. “படிச்சவங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்” என்று ஒத்துக்கொள்வாள். ஒத்துக்கொண்டுவிட்டு, தெளியும்வரை காத்திருந்து, மண்டியைக் கொண்டுபோய் வாழை அடியில் கொட்டுவாள். அவளிடம் வாதம் பண்ணி ஜெயிப்பது சுலபம். ஜெயித்ததால் ஒரு பிரயோஜனமும் இருக்காது.

எல்லாவற்றிலும் அப்படித்தான். கீழே போகிறவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று துடித்தாலும் கலங்கல் சாற்றைக் கொடுத்து அனுப்ப மாட்டாள். டிரைவர்களுக்கு அது பழகிவிட்டது. ஹாரன் அடித்துவிட்டு, “அக்கா, தெளிஞ்சிருச்சா?” என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரு பலாமரம் யார் பாத்தியதை என்பதில் தலைமுடியைப் பிடிக்காத குறையாக இவள் வாசலுக்கு வந்து நின்றார்கள். இவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள். பிழிந்து கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

“கத்திக் கத்தித் தொண்ட வறண்டிருக்கும். இது தெளியட்டும், குடிச்சுப்போட்டு மறுக்கா ஆரம்பிங்க.”

முதல் ஐந்து நிமிடம் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒருத்தி டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, “இன்னும் கலங்கலாத்தான் இருக்குது” என்றாள். இன்னொருத்தி, “அக்கா தண்ணி கம்மியா ஊத்தியிருக்குது, அதான்” என்றாள். சாறு தெளிவதற்குள் பழத்தை ஆளுக்குப் பாதி என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் காத்திருப்பு என்னையும் பிடித்துக்கொண்டது. மசக்கையில் சோறு கண்டாலே ஓடுகிற பெண்களை அக்காவிடம் அனுப்பினேன். ஒரு ஸ்பூன் சாறு, ரெண்டு சொட்டுத் தேன். மறுநாள் கஞ்சி குடித்தோம் என்று வந்து சொல்வார்கள். அஜீரணம், வயிற்று உப்புசம், வாயு என்று யார் வந்தாலும் நான் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் சொல்வது, “போய் அக்காகிட்ட சாறு வாங்கிக் குடி.” பாதி கேலி, பாதி நிஜம். சீட்டு எழுதாமல் நான் கொடுத்த மருந்து அது. நாலைந்து வருடம் அது யாரையும் ஏமாற்றவில்லை. அதனால் யோசிக்காமலே அந்த வார்த்தை வாயில் வரத் தொடங்கியது.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து மிளகு பறிப்பார். நாளைக்கு ஆறேழு வார்த்தை பேசினால் அதிகம். அதில் ஒன்று, காலையில் என்னைப் பார்த்ததும் கேட்கும் “சாப்ட்டீங்களா?” ஒரே மகன் சேந்தமங்கலத்தில் லோடு ஆட்டோ ஓட்டினான். மாதம் ஒருமுறை மேலே வந்து அம்மா கையால் சாமைச் சோறு தின்றுவிட்டு, ஏப்பம் விட்டபடி கட்டிலில் சாய்ந்தால் சாயங்காலம்தான் எழுவான்.

அது மிளகு பறிக்கிற மாதம். விடிந்தும் பனி விலகவில்லை. எனக்குக் கீழே மாதக் கூட்டம். ரிஜிஸ்டர்களைப் பையில் அடுக்கிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அக்கா வாசலில் குறுக்கே வந்தாள்.

“ஏனுங்க நர்சம்மா, உங்க மாமாவுக்கு நெஞ்சு கரிக்குதுங்கறாரு. எடது தோளும் நோவுதாம். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.”

வளைவில் ஹாரன் கேட்டது. இதை விட்டால் பத்து மணிக்குத்தான் அடுத்த பஸ். போன கூட்டத்துக்கு நேரம் கழித்துப் போய் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கியிருந்தேன்.

“ராத்திரி என்ன சாப்பிட்டாரு?”

“மரவள்ளிக் கெழங்கும் மொச்சக்கொட்டக் கொழம்பும்.”

“அப்ப வாயுதான்க்கா. நேத்துப் பூரா ஏணி தூக்கினாரில்ல, தோள் வலிக்கத்தான் செய்யும். உங்க சாறே போதும். சாயங்காலம் வந்து பாக்கறேன்.”

அவள் பஸ் வரைக்கும் கூடவே வந்தாள். “ஒடம்பு வேர்த்துக்கெடக்குதுங்க” என்றாள். நான் படியில் ஏறிவிட்டேன்.

“சாறு குடுங்கக்கா, சரியாப் போயிரும்.”

மார்கழிப் பனியில், கம்பளியை விட்டு வெளியே வர முடியாத குளிரில், ஒரு மனிதருக்கு ஏன் வேர்க்க வேண்டும்? மாரடைப்பு என்று புரிய ஒரு நர்ஸுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. விழவில்லை என்று இத்தனை வருடமாக எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. கட்டிலுக்கும் பஸ்ஸுக்கும் இருபது அடி தூரம்தான். என் பையில் ஆஸ்பிரின் அட்டை இருந்தது.

பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகக் கேட்டேன். அக்கா இஞ்சி பிடுங்கினாள். அரைத்தாள், பிழிந்தாள், மாடத்தில் வைத்தாள். காத்திருந்தாள். நர்ஸே சாறு கொடுக்கச் சொல்லியாகிவிட்டது, அதை முறையாகக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் ஒன்றும் இருந்திருக்காது. தெளிந்ததும் தேன் விட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, “இப்ப தேவல” என்று படுத்தார். எட்டரை மணிக்குப் பேச்சில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு ஜீப்பைப் பிடித்து ஏற்றினார்கள். எத்தனையாவது வளைவில் உயிர் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. காரவள்ளியில் இறக்கும்போது உடம்பு குளிர்ந்திருந்தது. எனக்கு போன் வந்தபோது கூட்டத்தில் என் ரிஜிஸ்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் காத்திருந்தது கால் மணி நேரம். நான் சாயங்காலம் என்று சொன்னது பத்து மணி நேரத்துக்கு. இந்தக் கணக்கைப் போட அப்போது அந்த ஊரில் யாரும் இல்லை, என்னைத் தவிர.

மகன் மத்தியானம் வந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்துத் திரும்பினான். வாசல் நிறைய ஜனம். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

“எத்தன மணிக்கு நோவுதுன்னு சொன்னாரு?”

“ஏழுக்கு முன்னாடி சாமி.”

“ஏழுக்குச் சொன்னவர ஒம்பது மணி வரைக்கும் ஊட்ல வெச்சுக்கிட்டு என்ன பண்ணுன? பஸ்ஸு வாசல்லதான் நின்னுட்டுப் போயிருக்குது. ஏத்தியுடறதுக்கு என்ன?”

அவள் நிமிர்ந்தாள். ஜனங்களைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தாள். கண்ணோடு கண். சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றுகூட நினைத்தேன், நானாகச் சொல்ல வேண்டாமே.

அவள் பார்வையை எடுத்துவிட்டாள். “வாயுன்னு நெனச்சுட்டேன் சாமி” என்றாள்.

“சாறு புழிஞ்சு வெச்சுக்கிட்டு அது தெளியட்டும்னு உக்காந்திருந்தியா?”

“ஆமா சாமி.”

அவன் மாடத்தில் இருந்த டம்ளரை எடுத்து வாசலில் வீசினான். அடியில் காய்ந்திருந்த மண்டி மண்ணில் கொட்டியது. “இனி இந்த ஊட்ல நான் கை நனைக்க மாட்டேன்” என்றான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பதென்றால் சாப்பிடுவது. பங்காளி பகையில் சொல்கிற வார்த்தை அது. பெற்ற தாயிடம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர், “வார்த்தய உடாத கண்ணு” என்று தடுத்தார். அவன் அதற்குள் விட்டுவிட்டான்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதுதான் கொடுமை. பொங்கலுக்கு வந்தான், ஆடிக்கு வந்தான், கல்யாணம் முடிந்த பிறகு பெண்டாட்டியோடு வந்தான். கூரைக்கு ஓடு மாற்றினான், அம்மாவுக்குச் சேலை எடுத்தான், கண்ணாடி போட்டுவிட்டான். சோறு மட்டும் கீழே ஓட்டலில் வாங்கிய பரோட்டாப் பொட்டலம்தான். வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்தே பிரித்துத் தின்பான். அவன் வருகிறான் என்று தெரிந்தால் அக்கா விடிய எழுந்து சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் ஆக்கி மூடி வைத்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் ஆக்கினாள். ஒவ்வொரு தடவையும், “ஒரு வாய் தின்னுட்டுப் போ சாமி” என்பாள். அவன், “வாரேம்மா” என்று வண்டியை எடுப்பான்.

சாறு பிழிவதை விட்டுவிட்டாள். யாரும் கேட்டும் வரவில்லை. சாறு தெளியக் காத்திருந்து புருஷனைப் பறிகொடுத்தவள் என்று ஒரு பேச்சு மூன்று நாட்டுக்கும் போய்விட்டது. டிரைவர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். மசக்கைக்காரி ஒருத்தி என்னிடம், “ஏனுங்க, அந்தம்மா சாறு குடிக்கலாமுங்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். “வேண்டாம், மாத்திரை தர்றேன்” என்றேன். நான் இவ்வளவு கோழை என்பது அதுவரை எனக்கே தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் பின்வாசலில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உதிர்த்தேன். “அக்கா, அன்னிக்கு நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“வேண்டாங் கண்ணு.”

“தம்பிகிட்ட நானே சொல்லிர்றேன்.”

அவள் கையை நிறுத்தவில்லை. “சொல்லி? அவன் ஊர் பூராச் சொல்லுவான். நர்சம்மா பாக்காம உட்டதுல ஆளு போயிருச்சும்பாங்க. அப்புறம் எந்தப் புள்ளத்தாச்சி உங்ககிட்ட வருவா? மறுக்கா ஊட்லயே பெத்துக்கறோம்னு கெடப்பாளுக. போன மாசம் கொடி சுத்துன புள்ளய நீங்க கீழ கூட்டிட்டுப் போயிக் காப்பாத்துனீங்களே, அது இருந்திருக்குமா?”

“உங்க மகன்க்கா...”

“எம் மகன் எங்க போறான். அவங் கோவம் ஒரு நாளைக்குத் தீரும். எனக்கென்ன அவசரம்.”

அவள் எனக்கு அனுமதி கொடுத்தாள் என்று எடுத்துக்கொண்டேன். கொடுக்கிறவளுக்கு அது என்ன விலை என்று பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாக இருந்தது. அன்றிரவு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதன் பிறகும் மூன்று வருடம் அந்த வாசலில் இருந்தேன். பிறகு கீழே மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று ஒரு துணிப்பையில் மிளகு கட்டிக் கொடுத்து, பஸ் மறையும்வரை நின்றாள். போனில் எப்போதாவது பேசுவோம். “தம்பி வந்தானா?” என்று கேட்பேன். “வந்தான், வந்தான்” என்பாள். “சாப்பிட்டானா?” என்று நான் கேட்டதில்லை.

இந்த மாசியில் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். எனக்குத் தகவல் வந்ததே எட்டு நாள் கழித்து. பதினாறாம் நாள் காரியத்துக்கு மலை ஏறினேன். வாசலில் சாமியானா, பெஞ்சு, பந்தி நடந்துகொண்டிருந்தது. மகன் மொட்டைத் தலையோடு வாளி தூக்கிப் பரிமாறினான். அந்த வீட்டு அடுப்பை அவளுக்குப் பிறகு முதல்முதலாக வேறு யாரோ மூட்டியிருந்தார்கள். அவன் பந்தி ஓய்ந்த பிறகு வாளியை வைத்துவிட்டுப் பலாமரத்தடிக்கு வந்தான். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு மணி பஸ், இடது தோள், வேர்வை, நான் இரண்டு தடவை சொன்ன சாறு, அம்மா என்னைப் பார்த்த பார்வை. பின்வாசலில் அவள் என்னைத் தடுத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது சாக்குச் சொல்வது போலத்தான் என் குரல் எனக்கே கேட்டது. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். ஊரைக் கூட்டட்டும் என்றும் தயாராகவே வந்திருந்தேன்.

அவன் ஒன்றும் செய்யவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான்.

“அப்பனப் பத்தி நான் இப்ப நெனைக்கலீங்க. அது அவரு விதின்னு வெச்சுக்கறேன். இத எங்கம்மா உசுரோட இருக்கறப்ப வந்து சொல்லியிருந்தீங்கன்னா... ஒரு வாய் வாங்கித் தின்னிருப்பனேங்க.”

துண்டால் முகத்தைத் துடைத்தான். எழுந்து போகும்போது, “எலையில உக்காருங்க, பஸ்ஸுக்கு நேரமாயிரும்” என்றான்.

ஒன்றை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் வண்டி வளைவு தாண்டியதும் அக்கா அந்தச் சாமைச் சோற்றை மூடியபடியே எடுத்து வருவாள். ஆறிப்போவதற்குள் தின்னுங்க கண்ணு என்று என் முன்னால் வைப்பாள். மூன்று வருடம், அவன் வந்து போன அத்தனை நாளும், அதை நான்தான் தின்றேன்.